ருசி பாக்காத கை

வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. வெத்தல பாக்குத் தட்டை அந்த ஸ்டூல்ல வைங்க, பொறவு எடுத்துக்கிடுதேன். இப்ப எடுக்க மாட்டேன். ஏன்னா, நீங்க வாசல்ல செருப்பைக் கழத்தும்போதே உங்க மொகத்துல ஒரு கேள்வி இருந்துச்சு. மகளுக்குக் கல்யாணம், எத்தனை இலை, மறுவீட்டுக்குச் சொதி உண்டா, அதெல்லாம் கேக்க வந்த மொகம் இல்ல அது. நீங்க கேக்க மாட்டிய, மரியாதை பாப்பிய. நானே சொல்லிப்புடுதேன்.

ஆமா, ருசி பாக்கேன். அடுப்புல இருந்து எறக்குததுக்கு முன்ன, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நாக்குல வச்சுப் பாக்கேன். உங்ககிட்ட யார் சொன்னாலும் சரி, அவன் சொன்னது நெசந்தான்.

கல்யாணச் சமையல்ல பேரெடுத்த தென்காசி காந்திமதிநாதன் தவசுப்பிள்ளைக்கு வயசாயிட்டு, மூக்கு செத்துப்போச்சு, பந்திக்கு முன்னால சமையலை எச்சப்படுத்துதான், அப்படின்னு சுத்துப்பட்டு பூரா பேச்சு. எனக்கு மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க வேட்டியில ரசகற்பூர வாசனை அடிக்கு, பீரோவுல இருந்து இன்னைக்குத்தான் எடுத்திருக்கிய. சரிதானா?

நாப்பத்தாறு வருசம் இந்தக் கை ருசி பாத்ததில்ல அண்ணாச்சி. ஒரு தடவ கூட. ஆயிரம் இலைக் கல்யாணம்னாலும் சரி, பத்து இலை வளைகாப்புன்னாலும் சரி. கொழம்பு கொதிக்கிற சத்தத்துலேயே உப்பு தெரியும். ஆவியில மொகத்தைக் காட்டினா புளி பச்சை வாடை போயிட்டா இல்லையான்னு தெரிஞ்சுபோகும். சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்ன, பெரியவங்க இலையில விழுததுக்கு முன்ன, சமைக்கிறவன் நாக்குல படக் கூடாது. எங்க அய்யா காலத்துல இருந்து அதுதான் மொறை. வேற ஊர்ல இருந்து வந்து எட்டி நின்னு பாப்பாங்க, நான் சட்டுவத்தைத் தூக்கி மோந்துட்டு "எறக்கு"ன்னு சொல்லுதத. எனக்கு அதுல ஒரு கெர்வம். இருக்கத்தான செய்யும்?

"எறக்கு"ன்னு யாரைச் சொல்லுவேன்? என் தம்பியைத்தான். குத்தாலிங்கம். என்னைவிட நாலு வயசு எளையவன். சோறும் பொரியலும் அவன். கொழம்பு, சொதி, பாயாசம் நான். அடுப்படியில நாங்க பேசிக்கிடவே மாட்டோம். நான் கைய நீட்டுவேன், கரண்டி வந்து கையில நிக்கும். எந்தக் கரண்டின்னு நான் சொன்னதில்ல, அவன் கேட்டதும் இல்ல. எங்களுக்குள்ள ஒரு நாள் சண்டை கெடையாது.

ஒரே ஒரு தடவ, கடையநல்லூர்ல ஒரு கல்யாணத்துல, சாம்பார்ல உப்பு ரெண்டு மடங்கு ஆயிட்டு. நானும் போட்டேன், தெரியாம அவனும் போட்டுட்டான். இல்ல. இப்ப மறைச்சு என்ன செய்யப் போறேன். நான்தான் ரெண்டு தடவ போட்டேன். போட்டதை மறந்துட்டேன். மொதப் பந்தியில ஆளுக பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டாங்க. பொண்ணோட அப்பா அடுப்படிக்கே வந்து குதிக்காரு. நான் தம்பியைப் பாத்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல, சும்மா பாத்தேன். அவன் ஈரக் கையைக் கும்பிட்டு, "என் தப்புதான் மொதலாளி, அண்ணனுக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டான். அதுக்குப் பொறவு அந்த ஊர்ப் பக்கம் அவனுக்கு உப்புலிங்கம்னே பேரு. வரும்போது பஸ்ல மெதுவாச் சொன்னான், "அண்ணே, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்திருக்கலாம்லா." நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அது ஆச்சு இருபது வருசம். எதுக்குச் சொல்லுதேன்னா, அப்பக்கூட நாங்க சண்டை போட்டுக்கிடல.

போன சித்திரையில அவனுக்கு நெஞ்சு வலி. செங்கோட்டையில ஒரு பூணூல் வீட்டு விசேசம், தேங்கா துருவிக்கிட்டே இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். திருநெல்வேலியில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பேரு என்னத்துக்கு, நல்ல ஆஸ்பத்திரிதான். மூணு எடத்துல அடைப்பு, நெஞ்சைத் தொறந்துதான் செய்யணும்னாவ. செஞ்சாவ. நல்லா செஞ்சாவ. டாக்டரு வெளிய வந்து என் தோளைத் தட்டி, "பெரியவரே, தம்பி இரும்பு"ன்னாரு. நான் அங்கனயே உக்காந்து அழுதுட்டேன். உலகம்மை, அவன் பொண்டாட்டி, அவ எனக்கு ஆறுதல் சொல்லுதா. தலைகீழா இல்ல இருக்கு.

மூணாம் நாளு வார்டுக்குக் கொண்டுவந்தாவ. வீட்டுக் கஞ்சி குடுக்கலாம், உப்பு மட்டும் கிள்ளிப் போடணும்னு டாக்டரு சொன்னாரு. எனக்குச் சொல்லணுமா? பேட்டையில சொந்தக்காரங்க வீட்டுல அடுப்பைப் பத்த வச்சேன். புழுங்கரிசி நொய்யி, சிறுபயறு, சுக்கு. உப்பு இல்லாத கஞ்சி வெறும் வெந்நிதான? அதை ஈடு கட்ட வெந்தயம் ரெண்டு பங்கு போட்டேன். அவனுக்குச் சுகரும் உண்டு, அதுக்கும் ஆச்சு. கொழைய வச்சேன். ஆவியில மொகத்தைக் காட்டினேன். வாசனைன்னா அப்படி வாசனை. தூக்குவாளியில ஊத்தி, துண்டைச் சுத்தி, மத்தியானம் பாக்க விடுத நேரத்துக்குச் சரியாப் போய் நின்னேன்.

உள்ள போனா அங்க கெடக்குதவன் என் தம்பி இல்ல.

ஆளு அவன்தான். மருந்து ஏத்துத ஊசியைப் பிடுங்கிப் போட்டான்னு ரெண்டு கையிலயும் துணிப்பை மாதிரி எதையோ மாட்டி வச்சிருக்காவ. அந்தக் கையால போர்வையைப் போட்டுப் பிசையுதான். மருந்து தொங்குத கம்பியைக் காட்டி, "பந்தக்காலை எவன் இங்கன நட்டான்? முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"ன்னு கேக்கான். நர்ஸ் பிள்ளைக அங்கயும் இங்கயும் போகுதத பாத்து, "பந்தி போட்டாச்சு, சோறு இன்னும் வடிக்கல, அடிப் பிடிக்கு, அடிப் பிடிக்கு"ன்னு எந்திரிக்கப் பாக்கான். நெஞ்சுல அவ்வளவு தையல். உலகம்மை தோளைப் பிடிச்சு அமுக்கினா, "யாரும்மா நீ, பொண்ணு வீடா?"ங்கான். முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்தவளைப் பாத்து.

நான் பக்கத்துல போயி, "ஏலே குத்தாலம், அண்ணன்டா"ன்னேன். என்னைப் பாத்தான். பாத்தான்னா, கண்ணைச் சுருக்கிக்கிட்டு, தெரியாத ஊர்ல கடைக்காரனைப் பாக்குத மாதிரி பாத்தான். சரி, வயித்துல ஏதாவது போனா தெளியும்னு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில விட்டேன்.

தூ-ன்னு துப்பினான். என் சட்டையில.

"கசக்கு"ன்னான். "என்னத்தைக் கலந்த?"

"கஞ்சிடா. சிறுபயத்தங் கஞ்சி."

"நீ மொதல்ல தின்னு."

"என்னலே சொல்லுத?"

"நீ ஒரு வாய் தின்னு, நான் பாக்கேன். பொறவு நான் திங்கேன். நீ திங்க மாட்ட. எனக்குத் தெரியும், நீ திங்கவே மாட்ட. என்னைக் கொல்லத்தான் கொண்டு வந்திருக்க."

சத்தமாச் சொல்லுதான் அண்ணாச்சி. வார்டு பூரா கேக்கு. பக்கத்துக் கட்டில்ல இருந்த ஆளுக்கு அவரு மகன் இட்லி ஊட்டிக்கிட்டு இருந்தான், அவன் கையை நிறுத்திட்டு என்னைப் பாக்கான். ஆயிரம் பேருக்குப் போட்ட கை. என் கையால சாப்பிடணும்னு முகூர்த்தத்தையே தள்ளி வச்ச வீடு உண்டு. அந்தக் கையைப் பாத்து என் கூடப்பொறந்தவன் விசம்ங்கான்.

ஒரு நர்ஸ் பிள்ளை ஓடி வந்துச்சு. நாகர்கோவில் பக்கம், பேச்சுலேயே தெரிஞ்சுது. சின்னப் பிள்ளைதான், ஆனா நிதானம். தம்பி கண்ணாடியை எடுத்து அவனுக்கு மாட்டி விட்டுச்சு. "தாத்தா, இது திருநெல்வேலி ஆஸ்பத்திரி, இன்னைக்கு வியாழக்கெழமை, உங்களுக்கு ஆபரேசன் நல்லா முடிஞ்சிருக்கு, இது உங்க அண்ணன்"னு காதோரமாச் சொல்லிச்சு. என்கிட்டத் திரும்பி, "அய்யா, இது அவரு பேசல. இந்த ஆபரேசன் செஞ்ச வயசானவங்க கொஞ்சம் பேருக்கு இப்படி ரெண்டு மூணு நாளு புத்தி கொழம்பும். தூக்கம் இல்ல, மருந்து, புது எடம். தெளிஞ்சிரும். மனசுல வச்சுக்காதீங்க. இப்ப ஒரே ஒரு ஸ்பூன் நீங்க குடிச்சுக் காட்டுங்க, அவரு குடிச்சிருவாரு. இன்னைக்கு வயித்துல ஒண்ணுமே போகல"ன்னுச்சு.

உலகம்மையும் என்னைப் பாத்தா.

நான் தூக்கை மூடினேன்.

ஏன்னு கேட்டா என்ன சொல்ல? நாப்பத்தாறு வருசம் ஒரு மந்திரி வீட்டுல கூட யாரும் என்னை ருசி பாருன்னு சொன்னதில்ல. என் தம்பி சொல்லுதான், அதுவும் விசமான்னு பாக்கதுக்கு. உடம்பு சரியில்லாதவன்தான். சரி. ஆனா உள்ள கெடந்ததுதான வெளிய வந்திருக்கும்னு எனக்குத் தோணிப்போச்சு. இருபது வருசமா கடையநல்லூரை உள்ள வச்சிருந்திருக்கான் பாருங்க. டாக்டரு வராண்டாவுல நிறுத்தி, அந்த நர்ஸ் பிள்ளை சொன்னதையேதான் சொன்னாரு, பொறுமையாச் சொன்னாரு. நான் தலையை ஆட்டிட்டு வெளிய வந்தேன். வாசல்ல வேப்ப மரத்தடியில தூக்கைக் கவுத்தினேன். ஒரு நாய் ஓடி வந்துச்சு, மோந்து பாத்துச்சு, திரும்பிப் போயிட்டு. இன்னைக்கு நாய்க்கும்லா நம்ம கை ஆகாமப் போச்சுன்னு நெனச்சேன். தென்காசி பஸ்ஸைப் பிடிச்சேன்.

அஞ்சாம் நாளு தெளிஞ்சுட்டான். சுத்தமாத் தெளிஞ்சுட்டான். மொத வார்த்தை, "அண்ணன் எங்க?" உலகம்மைதான் போன்ல சொன்னா. அவ பிள்ளைக கூப்பிடுத மாதிரியே என்னைப் பெரியப்பான்னுதான் கூப்பிடுவா. "பெரியப்பா, அவ்வோளுக்கு எதுவுமே நெனவில்ல. பந்தல் போட்டிருந்த மாதிரி ஒரு கனவு, அவ்வளவுதாங்காவ. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க"ன்னா.

"அவனுக்கு நெனவில்ல, எனக்கு இருக்கே"ன்னேன்.

நல்ல பதில் இல்ல? அப்ப எனக்கு ரொம்ப நல்ல பதிலாத்தான் தெரிஞ்சுது. எங்க வீட்டுல என் பொண்டாட்டிகிட்ட ரெண்டு தடவ சொல்லிக் காட்டினேன். அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

வைகாசியில ஒரு நாளு, காலையில பத்து மணி இருக்கும், அவனே வந்துட்டான். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனா அதுக்கே மூச்சு வாங்குது. நெஞ்சோட ஒரு தலையணையைக் கட்டிப் பிடிச்சிருக்கான். இருமல் வந்தா தையல் இழுக்கும்லா, அதுக்குத் தலையணையை அமுக்கிக்கிடணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்திருக்காவ. தெருவுல தலையணையோட வாரான். நான் சன்னல் வழியாப் பாத்துட்டு உள்அறைக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டேன். "சங்கரன்கோவிலுக்குப் போயிருக்காவன்னு சொல்லு"ன்னேன். எங்க வீட்டுல அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா, தரையைப் பாத்துக்கிட்டே சொல்லியிருப்பா.

அவன் போகல. இந்தா, நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். ஒரு மணி நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குதது எனக்குக் கேக்கு. கடைசியில சொன்னான், "மதினி, அண்ணன் செருப்பு வாசல்ல கெடக்கு." பொறவு அவனே சொன்னான், "சரி, வரும்போது சொல்லுங்க. நான் அங்க ஏதோ கிறுக்குப் பிடிச்சுப் பேசிட்டேனாம். உலகம்மை என்னன்னு சொல்ல மாட்டேங்கா. என்னவா இருந்தாலும் நான் இல்ல மதினி அது. அண்ணன் கஞ்சி கொண்டு வந்தாவளாம், நான் குடிக்கலையாம். ஒரு தடவ அந்தக் கஞ்சியை வச்சுக் குடுத்து விடச் சொல்லுங்க. எனக்கு ஆசையா இருக்கு."

செருப்பைப் பாத்துட்டான், பாத்தப் பொறவும் ஒரு மணி நேரம் உக்காந்திருக்கான் அண்ணாச்சி. நான் கதவைத் தொறக்கல. கஞ்சி வைக்கல. இன்னொரு தடவ வரட்டும்னு இருந்தேன். ரெண்டு தடவ வந்தா தொறக்கணும்னு எனக்குள்ள ஒரு கணக்கு. அவன் அதுக்குள்ள கணக்கை முடிச்சுட்டான்.

ஆனி மாசம் கடைசி. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவன் எந்திரிக்கல. உலகம்மை காப்பியைக் கலந்துட்டுப் போயி எழுப்பியிருக்கா.

போனேன். மாலை போட்டேன். எல்லாருக்கும் பின்னால நானும் வாய்க்கரிசி போட்டேன். என் கையில இருந்து அப்பத்தான் அவன் வாங்கிக்கிட்டான். ஒரு கேள்வி கேக்கல. என்னைத் தின்னுப் பாருன்னு சொல்லல.

பதினாறாம் நாளுக்கு நான்தான் சமைப்பேன்னு நின்னேன். வேற ஆளு வச்சுக்கிடலாம், நீரு உக்காரும்னு எல்லாரும் சொன்னாங்க, கேக்கல. எல்லாம் செஞ்சேன். கடைசியா அந்தக் கஞ்சி. அன்னைக்கு வச்ச மாதிரியே, அதே அளவு. கிள்ளி உப்பு, ரெண்டு பங்கு வெந்தயம். அவன் ஆசையா இருக்குன்னானே, அது. படத்துக்கு முன்னால இலையைப் போட்டு எல்லாம் வச்சாச்சு. கஞ்சியைக் கையில எடுத்தேன். ஊத்தப் போனேன். கை நின்னுட்டு.

அந்தப் படத்துல அவன் என்னைப் பாக்கான். கண்ணைச் சுருக்கல, நல்லாத்தான் பாக்கான்.

நான் கரண்டியை என் வாய்க்குக் கொண்டு போனேன். "பெரியவரே, படைக்கல இன்னும்!"னு யாரோ கத்துதாங்க. எங்க அத்தை மகன் கையைப் பிடிக்க வாரான். அதுக்குள்ள குடிச்சுட்டேன்.

கசப்பு.

லேசா இல்ல அண்ணாச்சி. நாக்கு சுருண்டு போச்சு. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்கு. உப்பு இருந்திருந்தா அமுக்கியிருக்கும், கிள்ளுன உப்பு எந்த மூலைக்கு, வெறும் வெந்தயம். வாசனைக்கு ஒரு கொறை கெடையாது, இப்பவும் ஆவியில நின்னா சொர்க்கம். வாயில வச்சாத்தான் தெரியும். நாப்பத்தாறு வருசத்துல மொத தடவையா என் சமையலை நான் ருசி பாக்கேன், அது கசக்கு.

அவனுக்கு ஊர் தெரியல, கெழமை தெரியல, பொண்டாட்டியைத் தெரியல, என்னையும் தெரியல. எல்லாம் கொழம்பிப் போயிருந்துச்சு, நெசம்தான். நாக்கு கொழம்பல. வெறும் வயித்தோட கெடந்தவன் வாயில கசப்பை விட்டுட்டு, அவன் கசக்குன்னு சொன்னதுக்கு நான் கோவிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் கதவைச் சாத்தியிருக்கேன்.

அங்கனயே உக்காந்துட்டேன். சனம் சத்தம் போடுது, எச்சப்படுத்தியாச்சு, தோசம்ங்காங்க. உலகம்மைதான் உள்ள இருந்து வந்தா. "யாரும் ஒண்ணும் சொல்லாதிய"ன்னா. "அவ்வோ கேட்டதுதான்"னா.

மிச்சக் கஞ்சியை நானே குடிச்சேன், ஒரு சொட்டு விடாம. குடிச்சுட்டு அடுப்பைத் திரும்பப் பத்த வச்சேன். வெந்தயம் இல்லாம, உப்புப் போட்டு, அவனுக்குப் பிடிக்கும்னு ரெண்டு பத்தை தேங்கா கீறிப் போட்டு வேற ஒரு கஞ்சி. சனம் காத்துக் கெடந்துச்சு. எறக்கி, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நாக்குல வச்சேன். நல்லா இருந்துச்சு. "ஏலே, நான் தின்னுட்டேன், பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுத்தான் இலையில ஊத்தினேன்.

அவ்வளவுதான் கதை. அதுல இருந்து ருசி பாக்காம எதையும் எறக்குததில்ல. மூணு வீட்டுல ஏற்கெனவே வெத்தலையைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாவ. உங்க வீட்டுலயும் பெரியவங்க இருப்பாவ, மொறை பாப்பாவ, எனக்குத் தெரியும். ஆவுடையானூர்ல ஒரு தவசுப்பிள்ளை இருக்கான், நல்ல கை, ருசி பாக்க மாட்டான். நம்பர் வேணும்னா தாரேன். தட்டை நீங்க எடுத்துட்டுப் போனாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

என்னையே வரச் சொன்னா வாரேன். இப்பவும் அடுப்படியில நின்னா பழக்க தோசத்துல கைய நீட்டிப்புடுதேன். கரண்டி வர மாட்டேங்கு, நானேதான் குனிஞ்சு எடுக்கணும். எடுத்து, ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு, நாக்குல வச்சுப் பாப்பேன். பந்திக்கு முன்னதான், எல்லாரும் பாக்கத்தான் பாப்பேன்.

அவன் கேட்டதும் அவ்வளவுதான் அண்ணாச்சி. ஒரு வாய்.